கை நனையாத விருந்து

சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவனைக் காதலித்தால் சோற்றுக்குப் பஞ்சமிருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கவின்ராஜின் கடையில், மேஜை கொள்ளாமல் சாப்பாடு பரப்பியிருக்க, அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் நான் கிடந்த மாதிரிப் பட்டினி எந்த ஏகாதசிக்கும் கிடந்ததில்லை. நான் மட்டுமல்ல. என் அப்பா, அம்மா, அவன் அப்பா, அம்மா எல்லோருக்கும் அதே கதிதான்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மைசூர் ஜெயலட்சுமிபுரத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பெயர் ‘கவீனோ’. அந்தப் பெயருக்குப் பின்னால் ஏதோ இத்தாலியக் குடும்பம் இருப்பதாக வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கவின் தன் பெயரோடு ஓர் ‘ஓ’ சேர்த்துக்கொண்டான், வேறொன்றும் இல்லை. அவன் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துப் பையன். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு, சொகுசுக் கப்பல் ஒன்றின் இத்தாலியச் சமையலறையில் வெந்து, போதும் என்று கரையேறியவன். பக்கத்துப் பேட்டையான கோகுலத்துக்கு யோகா கற்க வரும் வெள்ளைக்காரர்களும் அக்கம்பக்கத்து ரிட்டயர்டு புரொபசர்களும்தான் அவனுடைய வாடிக்கை. புரொபசர்கள் பீட்ஸாவுக்குச் சட்னி கேட்பார்கள். அவனும் முகம் சுளிக்காமல் அரைத்துக் கொடுப்பான்.

நான் ஸ்ரீவல்லி, ஆர்க்கிடெக்ட். அந்த வீட்டைக் கடையாக மாற்றிக் கொடுத்தது நான்தான். விறகு அடுப்பின் புகைபோக்கி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று எங்களுக்குள் ஆரம்பித்த சண்டை, புகைபோக்கி கட்டி முடித்த பிறகும் ஓயவில்லை. ஒருநாள் யோசித்துப் பார்த்தால் அது சண்டையே இல்லை. எங்கள் காதல் முழுவதும் கன்னடத்தில் நடந்தது. இரண்டு வீட்டிலும் தமிழ்தான், ஆனால் அந்த இரண்டு தமிழும் ஒத்துப்போகவில்லை. நான் ‘ஜலம்’ என்றால் அவன் சிரிப்பான், அவன் ‘ஏனுங்’ என்றால் நான் சிரிப்பேன். இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தால் காரியம் ஆகாது என்று இருவரும் கன்னடத்துக்குப் போய்விட்டோம்.

கவின் தன் வீட்டில் முதலிலேயே பேசிச் சரிக்கட்டிவிட்டான். மிச்சம் இருந்தது என் அம்மா பங்கஜவல்லி. மேலுக்கோட்டை ஐயங்கார் வழியில் வந்தவள், வெளியில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டாள். விஷயத்தைச் சொன்னதும் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தாதது இன்னும் பயமாக இருந்தது.

“ஒரே ஒரு தடவை அவாளைப் பார்க்கறேன்,” என்றாள். “பார்த்துட்டு வேண்டாம்னா வேண்டாம். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கப்படாது. சரியா?”

நான் சரி என்றேன். படித்த பெண், கை நிறைய வேலை, எதற்காகச் சரி என்றாய் என்று என் தோழிகள் எல்லோரும் திட்டினார்கள். அம்மாவை அழவைத்துவிட்டு என்னால் சந்தோஷமாக இருக்க முடியாது, அவ்வளவுதான். கவினிடமும் அதை ஒளிக்காமல் சொன்னேன். அன்றைக்கு அவன் பீட்ஸா மாவை ஓங்கி ஓங்கி அடித்துப் பிசைந்தான்.

எங்கே சந்திப்பது என்பது அடுத்த தலைவலி. ஹனூர் வரை போக அம்மா தயாரில்லை. எங்கள் யாதவகிரி வீட்டுக்கு அவர்களைக் கூப்பிட்டால் பெண் பார்க்க வந்ததாக ஆகிவிடுமாம், அதற்கும் அவள் தயாரில்லை. திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. கடை என்றால் பொதுவான இடம் என்று நாங்கள் இரண்டு புத்திசாலிகளும் முடிவு செய்தோம்.

கவின் மண்டி மொஹல்லாவுக்குப் போய்ப் புதுப் பாத்திரங்கள் வாங்கி வந்தான். முட்டை, இறைச்சி, வெங்காயம், பூண்டு எதுவும் கடைக்குள் இருக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு நாடு கடத்தினான். வெங்காயமும் பூண்டும் போனால் இத்தாலிச் சமையலில் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்டேன்.

“தைரியம்,” என்றான்.

அம்மா ஒரு கூஜாவில் வீட்டு ஜலம் கொண்டுவந்தாள். அப்பா சம்பத்குமார் பசியைக் கொண்டுவந்தார். அப்பா மைசூர் கோர்ட்டில் சிவில் வக்கீல். வாய்தா வாங்குவதிலும் சாப்பிடுவதிலும் சலிப்பே காட்டாதவர். இத்தாலி விருந்துக்கு இடம் வேண்டும் என்று காலை டிபனைக்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

கவினின் அப்பா சென்னப்பனும் அம்மா கமலம்மாளும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மார்டள்ளிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு மஞ்சளும் மக்காச்சோளமும் விளைகிற நிலம். விடிவதற்கு முன் பஸ் பிடித்து, கொள்ளேகாலில் மாறி வந்திருந்தார்கள். சென்னப்பன் வெள்ளை வேட்டியும் கஞ்சி போட்ட சட்டையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கமலம்மாள் நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இருவரும் எழுந்து கும்பிட்டார்கள்.

“வாங்க வக்கீலய்யா, வாங்கம்மா. அம்மிணி, வா கண்ணு,” என்றார் சென்னப்பன்.

அம்மாவும் முறையாகக் கும்பிட்டாள். கவினை மட்டும் பார்க்காத மாதிரி பார்த்தாள். ஏதாவது வேண்டுமென்றால் என் பக்கம் திரும்பி, “அந்தப் பிள்ளையை ஃபேனைக் குறைக்கச் சொல்லு,” என்றாள். அந்தப் பிள்ளை ஒரு கை தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

கவின் முதலில் வாட்டிய ரொட்டியின் மேல் தக்காளியைக் குவித்துக் கொண்டுவந்து வைத்தான். அப்பாவின் கை மேஜைக்கு மேலே வந்துவிட்டது. அதற்குள் சென்னப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க. பேச்சு முடியாம கை நனைக்கறது எங்க பக்கம் வழக்கமில்லீங்க.”

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. சம்பந்தம் பேசுகிற இடத்தில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டாலும் சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் பேச்சு முடிகிறவரை யாரும் இலையில் கை வைப்பதில்லை. எனக்கு இது புதிய செய்தி. கவினுக்குத் தெரிந்த செய்திதான், ஆனால் அது வீடுகளுக்கு மட்டும் என்று அவன் நினைத்திருக்கிறான்.

“அப்பா, இது கடைதானப்பா,” என்றான்.

“யாரு கடை? உன்ற கடை. அப்ப இது நம்ம வீடு. பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வீட்ல இப்பவே எப்படிக் கை நனைப்பாங்க? ஒறம்பரையா வீட்டுக்கு வந்தவங்க சாப்பிடாம நாம சாப்பிடறதும் மொறையில்ல.”

என் அம்மாவின் முகம் மலர்ந்ததை அன்றைக்கு முதல் முறையாகப் பார்த்தேன். வெளியில் சாப்பிடாமல் தப்பிக்க அவள் பல்வலி, வாய்வு, விரதம் என்று வரிசையாகக் காரணங்கள் வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

“ரொம்ப சரி,” என்றாள். “எங்காத்துலயும் இதே வழக்கம்தான்.”

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, பிறகு பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் எங்கள் உறவில் உண்டு. அப்பா மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா கூஜாவைத் திறந்து ஒரு வாய் ஜலம் குடித்தாள்.

கவினுக்குக் கை சும்மா இருந்தால் பயம் அதிகமாகும். அதனால் யாரும் தொடவில்லை என்று தெரிந்தும் கொண்டுவந்துகொண்டே இருந்தான். சூப் வந்தது. பீட்ஸா வந்தது. கத்திரிக்காயைச் சுட்டு அடுக்கடுக்காக வைத்த ஒன்று வந்தது. எல்லாம் ஆவி பறக்க வந்து, எங்கள் முன்னால் உட்கார்ந்து, ஆறிப்போயின. நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம். மழை தீர்ந்ததும் யானையைப் பற்றிப் பேசினோம்.

“சோளம் பால் புடிக்கற சமயம் பாத்து வந்துருதுங்க,” என்றார் சென்னப்பன். “ராவோட ராவா வயிறு முட்டத் தின்னுட்டுப் போயிருது.”

“குடுத்து வெச்சது,” என்றார் அப்பா, பீட்ஸாவைப் பார்த்துக்கொண்டே.

கடைசியில் சென்னப்பனே விஷயத்துக்கு வந்தார். “எங்களுக்கு அம்மிணியப் புடிச்சிருக்குதுங்க. இனி எல்லாம் உங்க வாயில இருக்குது.”

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “பிள்ளை நன்னாத்தான் இருக்கான். யோசிச்சுச் சொல்றோம்.”

எங்கள் வீட்டில் ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்றால் மாட்டோம் என்று அர்த்தம். தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்க வந்தவரும், வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தவரும், எத்தனையோ வரன்களும் இந்த ஒரு வாக்கியத்தை வாங்கிக்கொண்டுதான் திரும்பிப் போனார்கள். யாருக்கும் இன்றுவரை வேறு பதில் போகவில்லை.

“முகீத்து கதே,” என்று என் காதருகில் முணுமுணுத்தான் கவின். கதை முடிந்தது என்று கன்னடத்தில் சொன்னால் இன்னும் நிஜமாகக் கேட்கிறது. அவன் சமையலறைக்குள் போய்விட்டான். நான் கத்திரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று நிமிராமல் இருந்தேன்.

உள்ளே போனவன் ஒரு பெரிய தட்டு நிறைய ஸ்பகெட்டியோடு திரும்பி வந்தான். தக்காளிச் சாறும் வெண்ணெயும் அப்போதுதான் பொடித்த மிளகும் சேர்ந்த வாசனை அறை முழுக்க நிறைந்தது. அப்பாவின் பொறுமை அத்தோடு உடைந்தது. கோர்ட்டில் எழுந்து நிற்பதற்கு முன் செருமுவது போலச் செருமினார்.

“நோடி, பாருங்கோ சென்னப்பன் அவரே, ஒரு சந்தேகம். கை நனைக்கப்படாதுங்கறதுதானே வழக்கம்?”

“ஆமாங்க.”

“சாப்பிடப்படாதுன்னு இல்லையே?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே.”

“எப்படி ஒண்ணாகும்?” அப்பா ஃபோர்க்கை எடுத்து, சாட்சிப் பொருளைக் காட்டுவது போல உயர்த்திப் பிடித்தார். “இதால சாப்பிட்டா கை எங்கே நனையறது? உலர்ந்த கை உலர்ந்தபடியே இருக்கும். வழக்கத்தை உண்டாக்கின பெரியவா கையைத்தான் சொல்லியிருக்கா. வாயைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.”

சென்னப்பன் வரப்புத் தகராறு ஒன்றுக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தவர். சட்ட நுணுக்கம் என்றால் அவருக்குத் தனி மரியாதை. தன் கையையும் ஃபோர்க்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்க வக்கீலு இப்படிப் பேசியிருந்தா என்ற கேஸு எப்பவோ முடிஞ்சிருக்குமுங்க,” என்று சொல்லிவிட்டு முள்கரண்டியைக் கையில் எடுத்தார்.

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா முந்திக்கொண்டார். “நம்மாத்துலயும் இதே வழக்கம்தான்னு நீதானே சொன்னே? அப்போ ஃபோர்க்கால தாராளமா சாப்பிடலாம்.”

அம்மா அவரைப் பார்த்த பார்வைக்கு வீட்டுக்குப் போய்த்தான் விசாரணை நடக்கும். சபையில் அவளால் மறுக்க முடியவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“பூண்டு?”

“இல்லம்மா.”

“முட்டை?”

“கோதுமை ரவையும் ஜலமும்தான்.”

“ரெண்டே ரெண்டு இழை வைக்கச் சொல்லு.”

சாப்பாடு ஒருவழியாகத் தொடங்கியது. அப்பா ஃபோர்க்கில் சுற்றி ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். “இது நம்ம அரிசிச் சேவைதான்,” என்று அறிவித்தார்.

“எங்கூர்ல சந்தகைம்போமுங்க,” என்றார் சென்னப்பன். “என்ன, இத்தனை நீளத்துக்குப் புழியறதில்ல.”

“சேவைன்னா எலுமிச்சம்பழம் பிழியணும்.”

“சந்தகைன்னா தேங்காப்பாலும் வெல்லமும் ஊத்தோணுமுங்க.”

கவின் இத்தாலியில் அதன் பெயரைச் சொல்லப் பார்த்தான். இரண்டு அப்பாக்களும் ஒரே நேரத்தில் அவனைக் கையமர்த்தினார்கள். சென்னப்பன் வைக்கோல் வாருகிற மாதிரி அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். அம்மா தன் இரண்டு இழையையும் துண்டு துண்டாக நறுக்கி, மருந்து சாப்பிடுவது போல முழுங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காதபோது, இன்னும் இரண்டு இழை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கமலம்மாளால்தான் முடியவில்லை. ஃபோர்க்கை அவர் அதுவரை கையில் பிடித்ததே இல்லை போலிருந்தது. சுற்றினால் வழுக்கியது, குத்தினால் நகர்ந்தது. வாய்வரை வந்த இழை திரும்பத் தட்டில் விழுந்து, புடவையில் தக்காளி தெறித்தது. அதை முந்தானையால் மறைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஃபோர்க்கைச் சத்தமில்லாமல் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“எனக்குப் போதுமுங்க. வயிறு நெறஞ்சிருச்சு,” என்றார்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு யாரிடமும் எதையும் மறுக்கத் தெரியும். ஆனால் ஒருவர் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு அரை வயிறாக எழுந்தால் அவளால் தாங்க முடியாது. குழாய் ரிப்பேருக்கு வரும் நஞ்சுண்டசாமி ஒருமுறை எங்கள் வீட்டில், சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து முதலில் தட்டு, அப்புறம்தான் குழாய்.

அம்மா கமலம்மாளின் தட்டையே பார்த்தாள். “காலம்பற என்ன சாப்பிட்டேள்?”

“ஒரு டீத்தண்ணி குடிச்சனுங்க. பஸ்ஸுல வாந்தி வந்துருமுன்னு வேறொண்ணும் சாப்பிடலீங்க.”

“அப்போ வயிறு எப்படி ரொம்பும்? ஒரு இழைகூட உள்ளே போகலை, நான் பார்த்துண்டுதானே இருக்கேன். அந்த முள்ளைத் தூக்கி அந்தண்டை வெச்சுட்டுக் கையால சாப்பிடுங்கோ.”

“கை நனைஞ்சிருமுங்களே.”

கமலம்மாள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவின் ஃபோர்க் பாதி வழியில் நின்றது. சமையலறை வாசலில் கவின் கைத்துண்டைப் பிழிந்துகொண்டு நின்றான்.

“நான் கை வைக்காம நீங்கோ கை வைக்கமாட்டேள்,” என்றாள் அம்மா. “அப்படித்தானே?”

“நீங்க ஒறம்பரை வந்தவங்க. உங்கள விட்டுப்போட்டு எப்படிங்க?”

“உங்க பிள்ளை பண்ணினதை நீங்க சாப்பிடறதுக்கு நான் குறுக்கே நிக்கறேன்.”

“ஐயோ, அப்படி இல்லீங்க.” கமலம்மாள் பதறிப்போய் அம்மாவின் கையைத் தொட்டார். “நான் ஊருக்குப் போயி சாப்பிட்டுக்கறனுங்க. ஒரு நேரம் சாப்பிடாட்டி என்ன ஆயிரும்? நீங்க நல்லா யோசிச்சே சொல்லுங்க. பொண்ணப் பெத்தவங்க யோசிக்கத்தான் வேணும். நானா இருந்தாலும் யோசிப்பனுங்க.”

அவர்கள் கெஞ்சுவார்கள், அவசரப்படுத்துவார்கள், தான் ஒவ்வொன்றாக வெட்டிப் பேசலாம் என்று தயாராக வந்திருந்தவள் அம்மா. காலையிலிருந்து பட்டினியாக இருக்கும் ஒருத்தர் தன் கையைப் பிடித்து, உங்களுக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார் என எதிர்பார்க்கவில்லை.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு அம்மா எழுந்தாள். கிளம்பப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

“கவின்,” என்றாள். அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. “கை அலம்பற இடம் எங்கேப்பா இருக்கு?”

கவின் கையை நீட்டி எரிகிற அடுப்பைக் காட்டினான். பிறகு சுதாரித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் காட்டினான். எல்லோரும் ஃபோர்க்கில் சாப்பிடப் போகிற கடையில் கூடத்தில் எதற்கு வாஷ்பேசின் என்று வரைபடத்தில் நான் அடித்துவிட்டிருந்தேன். நம்ம ஜனம் கை கழுவாம சாப்பிடாது என்று சண்டை போட்டு அவன் வைக்கச் சொன்னது. நல்லவேளை, தோற்றது நான்.

“வாங்கோ,” என்று அம்மா கமலம்மாளை எழுப்பினாள். “ரெண்டு பேருமா அலம்பிண்டு வருவோம்.”

இருவரும் ஈரக் கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அம்மா ஸ்பகெட்டியைச் சாத்தமுது சாதம், அதாவது ரசஞ்சாதம் மாதிரி நன்றாகப் பிசைந்து ஒரு வாய் போட்டாள். கமலம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு வாய் எடுத்தார். அடுத்த வாய்க்கு அவருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அவ்வளவு பசி.

“உப்பு ஒரு கல்லு கம்மி,” என்றாள் அம்மா. “மிளகு இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கலாம். மத்தபடி நன்னா பண்ணியிருக்கான்.”

என் சமையலுக்கு அவள் இதுவரை ‘மத்தபடி’ வரை வந்ததே இல்லை. கவின் சுவரில் சாய்ந்துகொண்டான். அம்மா அதற்குள் கமலம்மாளின் தட்டில் கத்திரிக்காயை எடுத்துவைத்து, ஆறிப்போன சூப்பைச் சுடவைக்கச் சொல்லி அவனை உள்ளே விரட்டினாள். இந்தத் தடவை என் வழியாகச் சொல்லவில்லை. அவனிடமே சொன்னாள்.

சென்னப்பன் நடப்பதை எல்லாம் பார்த்துவிட்டு ஃபோர்க்கைக் கீழே வைத்தார். “ஏனுங் வக்கீலய்யா, உங்க வாதம் தோத்துப்போச்சு போல இருக்குதே?”

“மேல்கோர்ட்டு சொன்னப்பறம் நான் என்ன சொல்றது,” என்று அப்பாவும் ஃபோர்க்கை வைத்தார். இருவரும் சேர்ந்தே கை அலம்பப் போனார்கள். சேவையா சந்தகையா என்ற வழக்கு வாஷ்பேசின் வரைக்கும் தொடர்ந்தது.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது, எதை முதலில் கவனிப்பது என்று தெரியவில்லை. எதிரில் அம்மா பீட்ஸாவைப் பிய்த்துக் கமலம்மாளுக்குப் பாதி கொடுத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“எல்லாரும் கையால சாப்பிடறா. நீ மட்டும் ஏண்டி இன்னும் அந்த முள்ளைப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருக்கே? உனக்கு இஷ்டமில்லையா?”

நான் கை அலம்பக்கூட எழுந்து போகாமல், அப்படியே தட்டில் கை நனைத்தேன்.